கடனேன்னு ஜெபம் பண்ணுறவங்களுக்கு: தினசரி ஜெபம், வேத வாசிப்பு – முதல் நாள்லருந்து ஒரு மாசத்துக்கு முழு வழிகாட்டி

எங்க சபையில வாலிபர் கூட்டத்தை கொஞ்ச வருஷமா நான் பாத்துக்கிட்டு வாறேன். அதுல புதுசா ஜெபிக்க ஆரம்பிக்கிற பிள்ளைங்க, கல்யாணம் ஆகி நேரமே கிடைக்கலன்னு சொல்லுத அக்காமாரு, ரிட்டயர் ஆகி நேரம் நெறைய இருந்தும் நாலு வசனத்துக்கு மேல உக்கார முடியாத அண்ணாச்சிமாரு எல்லாரும் ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேப்பாங்க: "தினமும் செய்யத்தான் செய்யுதேன், ஆனா ஒரு சந்தோஷமும் இல்லையே, ஏன்?"

நம்ம நெல்லைப் பக்கம் இதுக்கு ஒரு காரணம் உண்டு. சின்னதுலயே சாயங்காலம் கோயில் (சர்ச்) மணி அடிச்சா கை கால் கழுவிட்டு ஜெபத்துக்கு உக்காரணும், உக்காந்து முடிச்சாத்தான் சோறு, அப்படி வளந்த ஆளுங்க நாம. பழக்கம் இருக்கு, வார்த்தையும் வாயில தானா வருது, மனசு மட்டும் வேற எங்கயோ நிக்குது. பழக்கமே இல்லாம புதுசா வாறவங்களுக்கு எங்க தொடங்கன்னே தெரியாது. ரெண்டு கூட்டத்துக்கும் நான் சொல்லுத வரிசை ஒண்ணுதான். ஒரு நாளைக்கு 15 நிமிஷம் போதும், ஆனா வரிசைய மாத்தாதீங்க, பாதிப் பேரு சறுக்குறது அங்கதான்.

1. தொடங்க முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

ஒரு பேப்பர் பைபிள். போன்ல பைபிள் ஆப் இருக்கேன்னு சொல்லுவீங்க, இருக்கட்டும், ஆனா முதல் மாசத்துக்கு வேண்டாம். மாற்கு சுவிசேஷம் திறந்து வச்சிருக்கும்போது மேல வாட்ஸ்அப் வந்து எட்டிப் பாக்கும், "யாருன்னு மட்டும் பாப்போம்"னு போனா திரும்பி வரும்போது டீ ஆறிப்போயிருக்கும். போன் அடுக்களையில கிடக்கட்டும்.

பைபிள் எழுத்து பெருசா இருக்கணும். நாப்பது வயசு தாண்டின நெறைய பேரு "வாசிக்கப் பிடிக்கல"ன்னு சொல்லுறதுக்குப் பின்னாடி இருக்கது கண்ணாடி பவர். ஞானஸ்நானத்துக்கு கிடைச்ச குட்டி பைபிள்தான் ராசின்னு அதையே வச்சு கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருப்பாங்க. பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கிருங்க.

மொழிபெயர்ப்பு பத்தி ஒரு வார்த்தை. நம்ம கோயில்ல வாசிக்கிறது பழைய மொழிபெயர்ப்பு, அதோட ஓசை காதுல ஊறிப்போயிருக்கு, அத விட வேண்டாம். ஆனா புரியாத இடத்துல பக்கத்துல வச்சுப் பாக்க இன்னொண்ணு வேணும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்"னு சின்னப் பிள்ளையிலருந்து ஒப்பிக்கோம். தாழ்ச்சின்னா பணிவுன்னு நெனச்சு "நான் பணிய மாட்டேன்"னு அர்த்தம் சொன்ன காலேஜ் பையன் எங்க கூட்டத்துல உண்டு! 1995-ல வந்த திருவிவிலியத்துல அதே இடம் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை"ன்னு இருக்கும். ஒரு நிமிஷத்துல விஷயம் முடிஞ்சுது.

அப்புறம் ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா. டைரி வேண்டாம், டைரியில தேதி அச்சடிச்சிருக்கும், ரெண்டு நாள் விட்டுப்போனா வெறும் பக்கம் நம்மள பாத்து முறைக்கும்.

2. நேரம்: அலாரத்த நம்பாதீங்க

புதுசா தொடங்குறவங்க செய்யுற முதல் தப்பு, காலையில நாலு மணிக்கு அலாரம் வைக்கது. நானும் செஞ்சிருக்கேன். ஒரு கன்வென்ஷன் முடிஞ்ச சூட்டுல நாலு மணின்னு முடிவு பண்ணி எட்டு நாள் சமாளிச்சேன், ஒம்பதாவது நாள் முழங்கால் போட்டு கட்டில்ல தலைய சாய்ச்சவன் ஆறரைக்கு எந்திச்சேன், கன்னத்துல கட்டில் நாடா தடம் அப்படியே விழுந்திருந்துது. அதோட ஒரு மாசம் பைபிளையே தொடல, வெக்கம்.

"இயேசுவே இருட்டோட எழும்பி ஜெபம் பண்ணினாரே"ன்னு மாற்கு 1:35 காட்டுவாங்க. உண்மைதான். அதே மாற்கு 4-ல நாள் பூரா பேசின களைப்புல படகுலயே படுத்து தூங்கவும் செஞ்சாரு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல முழிச்சுக்கிட்டு இருந்துட்டு காலையில வெள்ளன எழும்பி சந்தோஷத்த தேடுறது நடக்காத காரியம். தூக்கம் கொறஞ்ச மனுசனுக்கு கோவந்தான் வரும்.

நான் சொல்லுத வழி: மணிய விட்டுட்டு, ஏற்கெனவே தினமும் தவறாம செய்யுற ஒரு வேலைக்குப் பின்னாடி இத கட்டிருங்க. வாசல் தெளிச்சு முடிச்ச உடனே. பிள்ளைங்க ஸ்கூல் பஸ் ஏறின உடனே. மத்தியானம் சாப்பிட்ட தட்டு கழுவின உடனே. அலாரம் அடிச்சா அமத்திட்டு படுக்கலாம், வாசல் தெளிக்கிறத யாரும் அமத்த முடியாது, அதான் வித்தியாசம். பனை ஏறுற அண்ணாச்சி ஒருத்தரு பதநீர் சீசன்ல காலை நேரமே கிடையாதுன்னு சொன்னாரு, அவருக்கு மத்தியானம் மரத்தடிதான் ஜெப அறை, அதுல ஒண்ணும் கொறஞ்சு போகல.

3. இடம்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி"ன்னு மத்தேயு 6:6-ல இருக்கு. நம்ம வீடுகள்ல பூட்டுறதுக்கு தனி அறை எல்லாருக்கும் கிடையாது. தார்சால்ல (முன்கூடத்துல) ஒரு மூலை, மொட்டை மாடி, புறவாசல் படி, எதுன்னாலும் சரி, தினமும் அதே இடமா இருக்கட்டும். ஒரு வாரத்துல அந்த இடத்துல போய் உக்காந்தாலே மனசு பாதி அடங்கிரும்.

வீட்டுல மத்தவங்க யாரும் கிறிஸ்தவங்க இல்ல, பைபிள் எடுத்தா கேள்வி வரும்னு இருக்கவங்களும் கேப்பாங்க. ஒரு தங்கச்சி அம்பாசமுத்திரத்துலருந்து நெல்லைக்கு வேலைக்கு வாறவ, அவளுக்கு பஸ் ஜன்னல் சீட்டுதான் அறைவீடு, பேப்பர்ல அஞ்சு வசனம் எழுதி பர்ஸ்ல வச்சிருப்பா. வீட்டுல சண்டை போட்டு ஜெபிக்கணும்னு யாரும் சொல்லல.

4. எங்கருந்து வாசிக்க? ஆதியாகமத்துல தொடங்காதீங்க

ஜனவரி 1-ம் தேதி சபையில அந்த வருஷத்துக்குன்னு குடுக்குற வாக்குத்தத்த வசனம் வாங்கின கையோட "இந்த வருஷம் பைபிள முழுசா முடிக்கேன்"னு எத்தனை பேரு சொல்லுதாங்க. மொத்தம் 1189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூணுக்கு கொஞ்சம் மேல. இப்போ கணக்க பாருங்க. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, தினம் மூணு வாசிச்சா முப்பது நாள்ல ரெண்டும் முடிஞ்சுரும். அதாவது ஜனவரி 25 வாக்குல ஆசரிப்புக் கூடாரத்து அளவு, பலகை, கொக்கி, திரை. ஜனவரி கடைசியில லேவியராகமத்து பலி முறைங்க. அது முடிய ஒம்பது நாள், அதுக்குப் பின்னாடி எண்ணாகமத்துல கோத்திரக் கணக்கெடுப்பு. பிப்ரவரி ரெண்டாவது வாரத்துல எங்க வாலிபர் கூட்டத்துல கேட்டா முக்காவாசி பேரு அங்கனதான் நின்னுருப்பாங்க. அவங்க பக்தி கொறஞ்சவங்க இல்ல, ஏத்தம் ரொம்ப இருக்க பாதையில வழித்துணை இல்லாம போனவங்க.

முதல் மாசத்துக்கு மாற்கு எடுங்க. நாலு சுவிசேஷத்துல சின்னது, 16 அதிகாரம், விறுவிறுன்னு போகும். ஒரு அதிகாரத்த ரெண்டு நாளா பிரிச்சா 32 நாள். 14-ம் அதிகாரம் மட்டும் 72 வசனம், அத மூணு நாளாக்கிக்கிடுங்க.

கூடவே பைபிள்ல உள்ள சங்கீத புஸ்தகத்துலருந்து ஒரு சங்கீதம். நீளமானது வந்தா பாதியோட நிறுத்தலாம். 119 வந்தா பயந்துராதீங்க, 176 வசனம் இருக்கு, ஆனா அது எட்டு எட்டு வசனமா 22 துண்டா கட்டின பாட்டு, ஒரு நாளைக்கு ஒரு துண்டு எடுத்தா போதும்.

கத்தோலிக்க வீடுகள்ல திருப்பலிக்கான அன்றாட வாசகம் ஏற்கெனவே குறிச்சு வச்சிருப்பாங்க. அப்படி இருந்தா அதுல வாற நற்செய்தியவே எடுத்துக்கிடுங்க, தனியா திட்டம் போட வேண்டாம்.

வாக்குத்தத்த அட்டையில ஒரு வசனம் உருவிக்கிட்டு அன்னைக்கு முடிச்சுக்கிற பழக்கம் உள்ளவங்க கொஞ்சம் கோவிக்காதீங்க. அது ஊறுகா. சோறு வேற.

5. முதல்ல வாசிப்பு, அப்புறம்தான் ஜெபம்

இதுதான் இந்த வழிகாட்டியோட முதுகெலும்பு. நம்மள்ல ரொம்ப பேரு தலைகீழா செய்யுதோம். உக்காந்த உடனே ஜெபம், அது முடிஞ்சு களைப்புல நாலு வசனம், ஆமென். ஜெபத்த முதல்ல வச்சா என்ன ஆகுதுன்னா மனசுல ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்க கடன், காய்ச்சல், மாமியா, மார்க்கு எல்லாம் அப்படியே வாய்க்கு வந்துரும். நேத்து சொன்னதுதான் இன்னைக்கும். நாமளே பேசி நாமளே கேட்டுட்டு எழும்பிருவோம்.

வாசிப்ப முன்னாடி வச்சா பேச்ச அவரு தொடங்குறாரு, நாம பதில் சொல்லுதோம். தினமும் வேற பகுதி, அதனால தினமும் வேற பதில். அலுப்பு போற வழி இதுதான்னு நான் கண்டது.

அதனால உக்காந்த உடனே ஒரு நிமிஷம் சும்மா இருங்க. மூச்சு நிதானமா வரட்டும். "ஆண்டவரே, பேசும்"னு ரெண்டு வார்த்தை. உடனே பைபிள திறங்க.

6. சத்தமா வாசிங்க, ரெண்டு தடவை

மனசுக்குள்ள வாசிச்சா கண்ணு வழுக்கிக்கிட்டுப் போயிரும், முக்கியமா தெரிஞ்ச பகுதி வந்தா. வாய் திறந்து வாசிச்சா அந்த வேகத்துக்கு ஓட முடியாது. முதல் தடவை கதை என்னன்னு பாக்க. ரெண்டாவது தடவை மெதுவா, ஏதாவது ஒரு வார்த்தை சட்டைய பிடிச்சு இழுத்தா அங்கனயே நின்னுருங்க. மிச்சம் நாளைக்கு.

ஒரு உதாரணம் பக்கத்துல வச்சு காட்டுதேன். மாற்கு 4:35-லருந்து 41 வரை, கடல் அமைதியாகுற பகுதி. ஓய்வுநாள் பள்ளியில நூறு தடவை கேட்டதுதான். எங்க கூட்டத்துல ஒரு நாள் இத சத்தமா வாசிக்கச் சொன்னேன். 38-வது வசனம்: "கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்."

பின்னணியம்னா என்னன்னு கேட்டேன், டவுன் பிள்ளைங்க முழிச்சுது. கடலோரத்துல உவரி பக்கத்துப் பையன் ஒருத்தன் டக்குன்னு சொன்னான், "வள்ளத்துக்கு முன்னாடி அணியம் அண்ணே, இது பின்னாடி உள்ளது." அவனுக்கு அந்த இடம் தெரியும், அலை அடிச்சா அங்க எப்படி தூக்கிப் போடும்னும் தெரியும், அதனால அவனுக்குத்தான் அடுத்த கேள்வி வந்துது: "அங்க எப்படிண்ணே ஒரு மனுசன் தூங்க முடியும்?" யாரும் பேசல. தலையணைய கவனிச்சது இன்னொரு பிள்ளை. மத்தேயுவும் லூக்காவும் இதே கதைய சொல்லுதாங்க, தலையணைய மாற்கு மட்டும்தான் சொல்லுதாரு.

அடுத்த வசனத்துல அவரு கடலப் பாத்து "இரையாதே, அமைதலாயிரு"ங்காரு. கடல் இரையுதுன்னு கரையோரத்துல இன்னைக்கும் சொல்லுதாங்க. பரீட்சை, வேலை, வீட்டுச் சண்டைன்னு உள்ள எத்தனை இரைச்சல் கிடக்கு, அந்தச் சொல்லு எங்க போய் விழுந்துதுன்னு அவங்கவங்களுக்குத்தான் தெரியும். அன்னைக்கு ஏழு வசனத்துக்கு மேல போகல. கூட்டம் முடிஞ்சும் யாரும் செருப்பு மாட்டல.

இங்க வாற தப்பு ரெண்டு. ஒண்ணு, அதிகாரத்த முடிச்சே ஆகணும்னு ஓடுறது. முடிச்சா டிக் போடுற சந்தோஷம் கிடைக்கும், அது வேற சந்தோஷம். இன்னொண்ணு, ஒவ்வொரு வசனத்துலயும் தனக்கு நேரடியா ஒரு கட்டளை தேடுறது. படகுன்னு வந்துட்டா "பைக் வாங்கலாம்னு ஆண்டவர் சொல்லுதாரு"ன்னு முடிவு கட்டக் கூடாது. முதல்ல அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க, யாரு பயந்தா, யாரு தூங்கினா, அவரு எப்படிப்பட்டவரா தெரியுதாரு. அது போதும்.

7. நின்ன வார்த்தையவே ஜெபமா திருப்புங்க

அதே பகுதியில சீஷருங்க அவர எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா"ன்னு கேக்காங்க. இது ஜெபமா? ஆமா, சுத்தமான ஜெபம். அதுல ஸ்தோத்திரம் இல்ல, மரியாதை கொஞ்சம் கம்மிதான், ஆனா உண்மை இருக்கு. அந்த ஒரு வரிய எடுத்து உங்க பேச்சுல சொல்லிப் பாருங்க.

அன்னைக்கு ஒரு பையன் ஜெபிச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: "ஆண்டவரே, அரியர் நாலு கெடக்கு, அப்பாட்ட இன்னும் சொல்லல, நீரு எந்திக்கவே மாட்டீரா?" சிலபேரு சிரிச்சாங்க. சொல்லி முடிச்சதும் அவன் முகம் தெளிஞ்சுது, அந்த வாரமே அப்பாட்ட சொல்லிட்டான்.

எந்த பாஷையில ஜெபிக்கணும்னு கேக்கவங்களுக்கு: வீட்டுல பேசுற பாஷையில. "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல நாளை கூட்டிக்கொடுத்தபடியினாலே"ன்னு ஐயர் (சபை போதகர நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) ஜெபிக்கிறது சபைக்காக, எல்லாரும் சேந்து ஆமென் சொல்லுறதுக்காக. தனியா இருக்கும்போது அந்தச் சட்டைய போட வேண்டாம். அதுலயும் நமக்கு ஒரு வசதி உண்டு, "நீரு", "உம்ம"ன்னு நம்ம ஊர்ல இன்னமும் ஆளுக்கு ஆளு பேசிக்கிடுதோம், பைபிள் பாஷை மத்த ஊர்க்காரங்கள விட நமக்குக் கிட்ட.

வார்த்தையே வரலன்னா கர்த்தருடைய ஜெபத்த எடுத்துக்கிடுங்க, ஆனா ஒரே மூச்சுல ஒப்பிக்காம ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை"ன்னு சொல்லும்போது வீட்டு அரிசி பானைய நெனச்சு, "எங்கள் கடனாளிகளுக்கு"ன்னு வரும்போது அந்த ஆளோட முகத்த நெனச்சு சொல்லுங்க. கடைசி வரிக்கு வரும்போது அஞ்சு நிமிஷம் ஓடியிருக்கும்.

நன்றி சொல்லும்போது துல்லியமா சொல்லுங்க. "எல்லாத்துக்காகவும் நன்றி"ன்னா எதுக்காகவும் இல்லன்னு அர்த்தம். "நேத்து பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல மழையில நின்னப்போ கடைக்கார அண்ணாச்சி உள்ள வந்து நில்லுன்னு கூப்பிட்டாரே, அதுக்காக." சந்தோஷம் பொதுவான விஷயத்துல ஒட்டாது, இப்படி குட்டி விஷயத்துலதான் ஒட்டும்.

8. ஒரு வரி மட்டும் எழுதுங்க

தேதி, பகுதி, ஒரு வரி. அவ்வளவுதான். "மாற்கு 4 – தலையணை. எனக்காகவும் அவரு பதறல." ஒண்ணும் தோணலன்னா "ஒண்ணும் தோணல"ன்னு எழுதுங்க, அதுவும் கணக்குல சேரும்.

ஏன் ஒரு வரி? நான் ஆரம்பத்துல பக்கம் பக்கமா எழுதினேன், பிரசங்கக் குறிப்பு மாதிரி. எழுத நேரம் இல்லாத நாள்ல வாசிக்கவும் இல்ல. எழுத்து எஜமான் ஆயிட்டுது.

9. மத்தவங்களுக்கான ஜெபம்

இது கடைசியா வரட்டும், இல்லன்னா முழு நேரத்தையும் இதுவே தின்னுரும். ஏழு கிழமைக்கு ஏழு பக்கம், ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேருக்கு மேல வேண்டாம். வீட்டுக்காரங்க பேரு மட்டும் தினமும். பேருக்கு நேரா என்ன கேட்டேன், எந்தத் தேதியில கேட்டேன்னு எழுதிருங்க. ஆறு மாசம் கழிச்சு அந்தப் பக்கத்தப் புரட்டினா எத்தனை காரியம் நடந்து, நாமளே மறந்து போயிருக்கோம்னு தெரியும்.

வாட்ஸ்அப் குரூப்ல ஜெப விண்ணப்பம் வந்தா கை கூப்புற பொம்மைய போட்டுட்டு மறந்துருதோம். நானும் அப்படி ஒரு வீட்டுக்கு துக்கத்துக்குப் போயி "ஜெபிச்சோம்"னு சொல்ல நாக்கு எழும்பாம நின்னுருக்கேன். இப்போ முதல்ல அரை நிமிஷம் ஜெபிச்சுட்டுத்தான் அந்தப் பொம்மைய போடுதேன்.

10. நாள் பூரா கையில வச்சுக்கிடுங்க

காலையில நின்ன அந்த ஒரு வசனத்த மனப்பாடம் பண்ணுங்க. நம்ம பக்கத்துப் பெரியவங்ககிட்ட இது ஒரு சொத்து, பள்ளிக்கூடமே போகாத பாட்டிமாரு சங்கீதம் சங்கீதமா சொல்லுவாங்க, கண்ணு தெரியாமப் போன பின்னாடியும் அவங்களுக்கு வாசிப்பு நிக்கல. பஸ்ல நிக்கும்போது, பீடி சுத்தும்போது, துணி துவைக்கும்போது வாய்க்குள்ள ஓட்டிக்கிட்டே இருங்க. கை வேலை செய்யும்போது வசனம் நல்லா இறங்கும்.

வாசிக்க சிரமப்படுறவங்களுக்கு ஆடியோ பைபிள் நல்லது. ஆனா ஒரே அதிகாரத்த திரும்பத் திரும்ப போடுங்க, அது பாட்டுக்கு ரேடியோ மாதிரி ஓடக் கூடாது.

11. வறண்ட நாளு வரும்

வரும். ரெண்டாவது வாரத்துல கட்டாயம் வரும். முதல் வாரத்துப் புதுசு போயிருக்கும், உக்காந்தா கொட்டாவி. அப்போ "எனக்கு விசுவாசம் இல்ல போல"ன்னு நெஞ்சத் தோண்ட ஆரம்பிப்பாங்க. பதநீர அடுப்புல வச்சு அரை மணி நேரத்துல கருப்பட்டி எங்கன்னு கேக்க மாதிரிதான் இது. காய்ச்சுறவங்களக் கேளுங்க, ரொம்ப நேரத்துக்கு அது வெறும் கொதிக்கிற தண்ணி மாதிரித்தான் தெரியும், துடுப்ப போட்டு கிண்டிக்கிட்டே இருக்கணும்.

அந்த நாளுக்கு சங்கீதம் 13 எடுங்க, ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?"னு தொடங்கி முதல் ரெண்டு வசனத்துலயே நாலு தடவை "எதுவரைக்கும்" வரும். இன்னும் இருட்டா இருந்தா 88. அது கடைசி வரைக்கும் வெளிச்சமே இல்லாம முடியுது, அப்படி ஒரு பாட்டையும் சேத்துத்தான் பைபிள்ல வச்சிருக்காங்க. சிரிச்ச முகமா இருந்தாத்தான் ஜெபம்னு எங்கயும் எழுதல.

உடம்பு முடியாதவங்க முழங்கால் போட முடியலையேன்னு வருத்தப்படுவாங்க. நம்ம பக்கம் டோனாவூர்ல மிஷனரியா இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரு 1931-ல கீழ விழுந்ததுலருந்து 1951-ல இறக்குற வரைக்கும் பெரும்பாலும் படுக்கை, அறைன்னுதான் கிடந்தாங்க, ஜெபமும் எழுத்தும் அங்கருந்தே நடந்துது. படுத்துக்கிட்டு ஜெபிங்க, நாற்காலியில ஜெபிங்க.

ஒண்ணு மட்டும் பிரிச்சுப் பாத்துக்கிடுங்க. வாரக் கணக்கா தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, எதுலயுமே பிடிப்பு இல்லன்னா அது ஜெபக் குறைவு இல்ல. டாக்டரப் பாருங்க, நம்பிக்கையான ஒரு ஆள்ட்ட சொல்லுங்க. ஜெபமும் நிக்க வேண்டாம், மாத்திரையும் நிக்க வேண்டாம்.

12. விட்டுப்போன நாளு

விட்டத சேத்துப் பிடிக்காதீங்க. மூணு நாள் போச்சுன்னா நாலாவது நாள் நாலு பகுதி வாசிக்க உக்காந்தா அது வட்டி கட்டுற மாதிரி ஆயிரும், அஞ்சாவது நாள் ஓடிருவீங்க. நின்ன இடத்துலருந்து அன்னைக்கு உள்ளத மட்டும் வாசிங்க. மன்னிப்பு கேக்கணும்னு தோணினா ஒரு வரியில கேட்டுட்டு வாசிப்புக்குப் போங்க, அந்தப் பதினஞ்சு நிமிஷத்தையும் அழுகையிலயே முடிச்சுராதீங்க.

13. குடும்ப ஜெபம் தனி, இது தனி

ராத்திரி குடும்ப ஜெபத்துல உக்காந்துட்டோம், அதுவே போதும்னு விடாதீங்க. அங்க அப்பா ஜெபிக்காரு, நாம தலை குனிஞ்சிருக்கோம். அத நல்லபடியா நடத்த ஒரே ஒரு யோசனை: சுருக்குங்க. ஒரு பாமாலையோ கீர்த்தனையோ ரெண்டு சரணம், பத்து வசனம், ஒரு ஆளு ஒரு வாக்கியம் ஜெபம். உலகத்து நாடு எல்லாத்தையும் சுத்திட்டு அப்பா ஆமென் சொல்லும்போது சின்னது ரெண்டும் பாயில தூங்கியிருக்கும், அதுங்கள எழுப்பி அடிக்கிறதோட ஜெபம் முடியும்! அந்தப் பிள்ளைங்கதான் இருபது வயசுல என்கிட்ட வந்து "ஜெபம்னாலே பிடிக்கலண்ணே"ங்குது.

14. மாசம் முடிஞ்ச பின்னாடி

மாற்கு முடிஞ்சதும் பிலிப்பியர் எடுங்க, நாலே அதிகாரம், பவுல் காவல்ல இருந்து எழுதினது, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்"ங்கிற வசனம் வாறது அதுலதான். ஒரு வாரம் அதுல இருந்துட்டு லூக்காவுக்குப் போங்க, 24 அதிகாரம். பழகின பின்னாடி வருஷத் திட்டம் வேணும்னா புதிய ஏற்பாடு 260 அதிகாரம், வாரத்துக்கு அஞ்சு நாள் ஒவ்வொண்ணா வாசிச்சா 52 வாரத்துல சரியா முடியும். சனி, ஞாயிறு மிச்சம். பழைய ஏற்பாட்டுக்கு அதுக்குப் பின்னாடி, ஐயர்ட்டயோ, அவருக்கு உதவியா சபைய பாத்துக்கிடுற உபதேசியார்ட்டயோ கேட்டு ஒரு விளக்கப் புத்தகத்தோட போங்க, அப்போ லேவியராகமமும் பேசும்.

மாசக் கடைசியில நோட்ட முதல் பக்கத்துலருந்து வாசிச்சுப் பாருங்க. பீடி சுத்துற அக்கா ஒருத்தங்க அவங்க நோட்ட என்கிட்ட காட்டினாங்க, எழுத்து ஏறி இறங்கி இருந்துது, பாதிக்கு மேல "ஒண்ணும் தோணல" "ஒண்ணும் தோணல"ன்னு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டுது, இவங்களுக்கு நம்ம வழி சரிப்படல போலன்னு. "விட்டுரலாமாக்கா?"ன்னு கேட்டேன். "விடவா? இப்பல்லாம் பீடித் தட்ட எடுத்து மடியில வைக்க முன்னாடி கை தானா பைபிளுக்குப் போகுது தம்பி, அன்னைக்கு ஒரு நாள் கரண்டு இல்லன்னு விட்டுட்டேன், பூரா நாளும் யாரையோ பாக்காம வந்த மாதிரி இருந்துது"ன்னாங்க. இப்போ லூக்கா 9-ல இருக்காங்க.